மருத்துவத்துக்குத் தமிழ் தந்த மானிப்பாய்ப் பெரியார்: வைத்தியர் சாமுவேல் கிறீன்

ஈழத் திருநாட்டின் சிரமென விளங்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்து தொண்டாற்றிய பெரியார் பலர். பிற நாட்டிலே பிறந்து, இங்கு வந்து, எம்மவரோடு வாழ்ந்து தொண்டாற்றிய பெரியாரும் உளர். சமயத்தால் எம்மினின்றும் வேறுபட்டவராயினும் ஒருவர் செய்த நன்றியை மறத்தல் தமிழ்ப் பண்பாகாது. அவ்வகையில் இம்மலரிலே நாம் நினைவுகூர எடுத்துக்கொண்டவர், மானிப்பாயிலே வைத்தியசாலை அமைத்து, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

அன்னாரின் பெயரை மானிப்பாய் வைத்தியசாலையின் பெயரோடு சேர்த்து அறிந்தோர் எம்முட் பலர். ஆயின் அவர் செய்த வேலையின் ஆழத்தை அறிந்தோர் சிலரே. அவ்வாழத்தைக் காண்பதற்கு மருத்துவத்தின் ஒரு துறையை உரைகல்லாகக் கொள்வோம். நோயாளி நோவறியாது உறங்கும்படி செய்யும் மயக்க மருந்துத் துறையே அது. அத்துறை தோன்றிய காலமும் கிறீன் யாழ்ப்பாணம் வந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. அதனை உலகறியச் செய்தவரும் கிறீனும் பிறந்த மாவட்டமும் ஒன்றே.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊருண்டு. அங்கே கிறீன் ஹில் என வழங்கிய குடும்பப் பண்ணையில் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆந் திகதி சாமுவேல் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். தாயாரை இளமையிலேயே இழந்தார். இவருக்கு இரண்டு வயது மூத்தவரான அன்றூ கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்குவதிலும், பல பகுதிகளாய்க் கிடந்த அம்மாநகரை ஒன்றாக இணைப்பதிலும் பெரும் பங்குகொண்டு புகழ்பெற்றார். அண்ணன் ஒரு மாநகருக்கு உழைத்தார். தம்பியோ கடல்கடந்து ஒரு சிறு குடாநாட்டுக்கு உழைத்தார்.

கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டின் டிசம்பர் மாதத்திலேதான் எங்கள் நல்லூரிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவதரித்தார். உலகின் இருவேறு முனைகளிலே ஈராறு கிழமைக்குள் பிறந்த இவ்விருவரும் ஒரே காலத்தில், ஒரே குடாநாட்டில், ஒரே மொழியின் உரைநடையைத் தத்தம் துறைகளில் வளர்த்தனர் என்பது சிந்திக்கற்பாலது.

இளைஞர் சாமுவேல் நியூயோர்க்கிலுள்ள மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1845ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்துச் சத்திரசிகிச்சை எத்தகையது என்பதை இக்காலத்து இளைஞர் அறிந்துகொள்ளல் வேண்டும். நோயாளிக்குச் சிறிது மதுவோ அபினோ கொடுப்பர். வலியவர் நாலைந்து பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பர். வைத்தியர் கத்தியை எடுத்தால் எவ்வளவு விரைவில் வேலையை முடிக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் கெட்டிக்காரர். காலை வெட்டி எடுக்கும் வேலையைச் சில நிமிடங்களிலே முடிப்போரை உலகம் போற்றியது. வயிற்றினுள்ளோ மார்பினுள்ளோ பொறுமையாக வேலைசெய்தல் எண்ணியும் பார்க்க முடியாத காரியமாயிருந்தது. கிறீன் பட்டம் பெற்றபோது மருத்துவ உலகம் அந்நிலையிலேதான் இருந்தது.

ஒரு மாவட்டத்தார் இருவர்

அடுத்த ஆண்டிலே அந்நிலை மாறியது. வூஸ்ரர் மாவட்டத்திலேயே சார்ள்ரன் என்னும் சிற்றூரில் 1819ஆம் ஆண்டு பிறந்தவர் வில்லியம் மோட்டன் என்னும் பல்வைத்தியர். இவர் 1846ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 16ஆந் திகதி பொஸ்ரன் நகரத்துப் பொது வைத்தியசாலையிலே, வைத்தியர் பலர் கூடியிருந்த மண்டபத்தில், கில்பேட் அபற் என்னும் இளைஞனை ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை முகரச் செய்து உறங்க வைத்தார். முதுபெரும் சத்திரவைத்தியரான ஜோன் வோறன் அவ்விளைஞனின் கழுத்திலிருந்த கட்டியிலே கத்தி வைத்தார். இளைஞன் அலறவில்லை. கூடியிருந்தோர் வியந்தனர். சில மாதங்களுக்குள் அச்செய்தி கடல்கடந்து ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் சென்றது.

மோட்டன் செய்தது மனித குலத்துக்குப் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் அம்மருந்து இன்னதென்பதை முதலில் வெளியிட விரும்பவில்லை. அதற்கு நிறமும் மணமும் ஊட்டி, லீதியன் என்று வேறொரு பெயரிட்டு, காப்புரிமையும் பெற்றார். ஈதரின் மணத்தை அறிந்த வைத்தியர்களிடம் அது நெடுநாள் மறைந்திருக்குமா? இரகசியம் வெளிப்பட்டது. கண்டுபிடித்தவர் யார் என்ற வழக்கிலும் வாதத்திலும் மோட்டன் தம் வாழ்நாளைக் கழித்து, 1868ஆம் ஆண்டு மனமுடைந்து இறந்தார்.

அதே மாவட்டத்துப் பிள்ளையான கிறீன், பொஸ்ரன் நகரத்திலே அவ்வரிய நிகழ்ச்சி நடந்து ஆறு மாதம் கழிந்த பின், 1847ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் கப்பலேறினார். மருத்துவ அறிவைப் பூட்டி வைக்க முயன்றவர் ஒருவர். அதனை ஒரு மக்கட் கூட்டத்தின் தாய்மொழியிலே அச்சேற்றித் திறந்து வைத்தவர் மற்றவர். இருவருடைய வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கிறீனுடைய பெருமை நன்கு புலப்படும்.

மானிப்பாயிலே

1847ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவரை அனுப்பியது அமெரிக்க மிஷன் சங்கம். அச்சங்கத்தின் சார்பிலே அவருக்கு முன்னர் பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடரும் வட்டுக்கோட்டையில் நேதன் உவாட்டும் வைத்தியத் தொண்டு செய்திருந்தனர். மதம் பரப்பும் நோக்கம் கிறீனுக்கும் இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்நோக்கத்தை எதிர்த்து நாவலர் செய்த பெரும்பணியும் யாவரும் அறிந்ததே. ஆயினும் வைத்தியத்தையும் தமிழையும் பொறுத்தவரை அவர் தொண்டு எல்லார்க்கும் பொதுவாயிற்று.

முதலில் வட்டுக்கோட்டையிலே பணிதொடங்கிய கிறீன், 1848ஆம் ஆண்டில், மருதடி விநாயகர் எழுந்தருளியிருக்கும் மானிப்பாயைத் தம் நிலையமாக்கினார். அங்கே வைத்தியசாலை அமைத்தார். மாணவரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கவும் தொடங்கினார். அதே 1848ஆம் ஆண்டிலேதான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் என்பதையும் இங்கு நினைவுகொள்க. கொழும்பிலே மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியங் கற்கும் மாணவர் இருந்தனர்.

கிறீன் யாழ்ப்பாணம் வந்த மறுமாதத்தில் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிலே ஜேம்ஸ் சிம்சன் என்னும் பேராசிரியர் குளோரபோம் என்னும் மருந்தை முகர்ந்து பார்த்து அதன் ஆற்றலைக் கண்டார். ஈதரைவிட விரைவாக வேலைசெய்வதும் முகர்தற்கு இனியதுமான அம்மருந்து மிக வேகமாகப் பரவியது. ஆயின் மூன்று மாதங் கழியுமுன், 1848ஆம் ஆண்டு ஜனவரியில், இங்கிலாந்திலே ஹனா கிறீனர் என்னும் 15 வயதுச் சிறுமி கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரபோம் கொடுக்கப்பட்டுச் சில நிமிடங்களுள் இறந்துபோனாள். நகத்துக்காக வந்த பிள்ளை உயிரை விட்டது கண்டு உலகம் திடுக்கிட்டது.

உறக்கத்துக்கும் இறப்புக்கும் இடையிலுள்ள வரம்பு மிக ஒடுங்கியது என்பதை வைத்தியர்கள் அப்போது உணர்ந்தனர். அவ்வரம்பை அறிவினால் அளக்க முயன்றவர் இலண்டனில் வாழ்ந்த ஜோன் ஸ்னோ. காற்றிலே எத்தனை பங்கு ஆவி கலந்தால் உறக்கம் வரும், எத்தனை பங்கு கலந்தால் மூச்சு நிற்கும் என்று அவர் கணக்கிட்டார். வெப்பம் ஏறினால் ஆவி மிகும் என்பதை அறிந்து, அதனை அடக்கியாளும் கருவி செய்தார். நோயாளியின் மூச்சையும் நாடியையும் விழியையும் படிப்படியாகக் கவனித்து எழுதினார். மயக்க மருந்து கொடுத்தல் எடுபிடி வேலையன்று, அதற்கென்றே கற்றுத் தேர்ந்தவர் செய்ய வேண்டிய தனித்தொழில் என்னும் எண்ணம் இவரிடமிருந்து வளர்ந்தது.

தமிழிலே கற்பித்தல்

இனி, கிறீன் செய்த அரும்பெருஞ் செயலுக்கு வருவோம். தொடக்கத்தில் அவர் ஆங்கில மூலமே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய மாணவர் பலர் உத்தியோகம் நாடி வேற்றூர்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி வைத்தியரின்றியே கிடந்தான். இதனைக் கண்ட கிறீன், வைத்தியன் தன் மக்கள் நடுவே தங்க வேண்டுமாயின் வைத்தியம் அம்மக்களின் மொழியிலே இருத்தல் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். 1858ஆம் ஆண்டு தாய்நாடு சென்ற அவர், 1862ஆம் ஆண்டு மார்கரற் உவில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864ஆம் ஆண்டில் தமிழ்மூல மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

தமிழ் அவருக்குத் தாய்மொழியன்று. இங்கு வந்த பின் கற்ற மொழி. எனினும் அதனைப் பேசவும் எழுதவும் நன்கு பயின்றார். தம்மிடம் படிக்கும் மாணவர் வேட்டி சால்வையைக் கைவிட்டு மேல்நாட்டு உடைக்கும் பெயருக்கும் ஆசைப்படுவதை அவர் விரும்பவில்லை. சமயத்தில் மாற்றம் வேண்டியவராயினும், நடையுடை பாவனையில் தமிழர் தமிழராகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வந்தவர் அப்படி எண்ணினார். இருந்த நாம் எப்படி எண்ணினோம் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

ஏறக்குறைய 25 ஆண்டுகளில் அவர் பயிற்றிய வைத்தியர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றுத் தேறியவர்கள். தமிழில் மேல்நாட்டு வைத்தியங் கற்க முடியுமோ என்று ஐயுறுவோர்க்கு அந்த 33 பேருமே விடை.

நூல்கள்

பாடங் கற்பிக்க நூல்கள் வேண்டும். அவற்றை அவர் தாமும் எழுதினார், தம் மாணவரைக் கொண்டும் எழுதுவித்தார். 1850களில் கற்றர் என்பவரின் உடல்நூல், அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயருடன் தமிழாயிற்று. 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. 1867இல் துருயிற் என்பவரின் சத்திரசிகிச்சை நூலைத் தழுவிய இரண வைத்தியம் வெளிவந்தது. 1872இல் கிறே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரிலும், நோய்களையும் சிகிச்சைகளையும் கூறும் வைத்தியாகரமும் வந்தன. 1875இல் கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் வந்தது. 1883இல் தால்தன் என்பவரின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் ஆயிற்று. மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்தசாரமும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. இவற்றோடு கலைச்சொற் பட்டியல்களும் வெளியிடப்பட்டன. எல்லாம் சேர்ந்து 4000 பக்கங்களுக்கு மேலாகும்.

சொல் ஆக்குவதில் அவர் ஒரு முறையைக் கைக்கொண்டார். முதலில் தமிழிலே தகுந்த சொல் உண்டோ என்று தேடுதல், இல்லையேல் வடமொழியிலிருந்து எடுத்தல், அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய ஆக்கிக்கொள்ளுதல். அங்காதிபாதம் என்னும் சொல்லைப் பாருங்கள். பாதாதிகேசம் பாடிப் பழகிய எம்மவர்க்கு அச்சொல் அந்நியமாகத் தோன்றுமா? கெமிஸ்தம் என்பதோ ஆங்கிலச் சொல் தமிழுடை அணிந்து வந்தது. பரராசசேகரமும் செகராசசேகரமும் போன்ற மருத்துவ நூல்கள் பிறந்த இம்மண்ணிலே, வைத்தியத்தைத் தமிழில் எழுதுதல் பழைய மரபின் தொடர்ச்சியாகவும் இருந்தது. பழைய நூல்கள் செய்யுளில் இருந்தன. இவையோ உரைநடையில், படங்களோடு, அச்சில் வந்தன.

மயக்க மருந்துத் துறையை உரைகல்லாகக் கொள்வோம் என்று மேலே கூறினோம். அத்துறை எவற்றின்மேல் நிற்கின்றது? காற்று மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் எவ்வழியாகச் சுவாசப்பைக்குச் செல்கின்றது, நரம்புகள் எங்கெங்கே ஓடுகின்றன என்பதை உடற்கூறு கூறும். மூச்சும் இதயமும் எவ்வாறு இயங்குகின்றன, மருந்தைக் குருதி எவ்வாறு மூளைக்குக் கொண்டுசெல்கின்றது என்பதை உடற்றொழில் நூல் கூறும். திரவம் எவ்வாறு ஆவியாகின்றது, ஒட்சிசன் என்பது யாது என்பதை இரசாயனம் கூறும். எம்மருந்தை எவ்வளவு கொடுத்தல் தகும் என்பதை மருந்துப்பொருள் நூல் கூறும். சத்திரவைத்தியர் என்ன செய்யப்போகின்றார் என்பதைச் சத்திரசிகிச்சை நூல் கூறும். இவ்வைந்து தூண்களும் இன்றி மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் உருவாதல் இயலாது. அவ்வைந்து தூண்களையும் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் நாட்டியவர் கிறீன். மேலே கூறிய நூற்பெயர்களை ஒருமுறை மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நூல் இருக்கக் காண்பீர்கள்.

கொள்ளைநோய்க் காலம்

ஏட்டறிவோடு நின்றவரல்லர் கிறீன். வாந்திபேதி என்னும் கொள்ளைநோய் அக்காலத்தில் அடிக்கடி குடாநாட்டைச் சூறையாடியது. 1866ஆம் ஆண்டையொட்டிப் பரவிய நோய் மிகக் கொடியது. கிறீனும் அவர் மாணவரும் ஊரூராகச் சென்று மருந்து கொடுத்தனர். நோயைப்பற்றியும் அதற்குச் செய்ய வேண்டுவனபற்றியும் தமிழிலே துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு வழங்கினர். மேலே கூறிய ஜோன் ஸ்னோவே 1854ஆம் ஆண்டு இலண்டனில் இந்நோய் அசுத்த நீரினாற் பரவுகின்றது என்று காட்டியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. மூச்சை அளந்த அதே கூர்மதி கிணற்று நீரையும் ஆராய்ந்தது.

பட்டணத்திலே அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850ஆம் ஆண்டில் ஒரு தரும வைத்தியசாலை எழுந்தது. அதுவே வளர்ந்து இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக விளங்குகின்றது. மானிப்பாயிற் பயின்ற வைத்தியரின் உழைப்பு அங்கும் சென்றது.

இறுதிக் காலம்

ஓயாத உழைப்பினால் உடல்நலங் குன்றிய கிறீன் 1873ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பினார். ஊர் திரும்பியவர் ஓய்ந்திருந்தாரா? இல்லை. பனி பெய்யும் வூஸ்ரரிலே இருந்துகொண்டு, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மாணவருக்காகத் தமிழ் ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்தது அவர் இங்கிருந்து சென்று 10 ஆண்டு கழிந்த பின்னரே. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, 61ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். தாம் தமிழருக்குத் தொண்டுசெய்த வைத்தியர் என்பதே கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது. தமிழர் என்னும் சொல்லைத் தாங்கிய ஒரு கல் இன்றும் அத்தூர தேசத்து மயானத்திலே நிற்கின்றது.

அவர் மறைந்த அதே 1884ஆம் ஆண்டின் செப்டெம்பர் மாதத்தில் வீயன்னா நகரத்து வைத்தியர் கொலர், கொக்கெயின் என்னும் மருந்தைக் கண்ணிலே இட்டால் ஆளை உறங்க வைக்காமலே கண் மட்டும் நோவறியாதிருக்கும் என்று காட்டினார். உறுப்பை மட்டும் மரக்கச் செய்யும் முறை அதனின்றும் வளர்ந்தது. 1888, 1889ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் ஐதராபாத்தில் நிஜாமின் பொருளுதவியுடன் குளோரபோமைப்பற்றிய ஆராய்ச்சிகள் நடந்தன. அவற்றை நடத்திய லோறி என்பவர், மூச்சை மட்டுங் கவனித்தாற் போதும், இதயத்தைப்பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்று வாதித்தார். 1911ஆம் ஆண்டளவில் லீவி என்பவர் குளோரபோமின் கீழ் இதயமே திடீரென நின்றுவிடலாம் என்று மெய்ப்பித்தார். அம்மருந்தும் நாளடைவில் வழக்கொழிந்தது. இன்றோ மூச்சு, நாடி, குருதியமுக்கம், குருதியிலுள்ள ஒட்சிசன் ஆகிய யாவும் கணந்தோறும் கருவிகளாற் கண்காணிக்கப்படுகின்றன. கருவி எத்தனை வந்தாலும் உறங்குபவரின் அருகே விழித்திருக்கும் ஒருவர் வேண்டும் என்னும் விதி மட்டும் மாறவில்லை.

விட்ட குறை

கிறீன் சென்ற பின் தமிழில் வைத்தியங் கற்பிக்கும் முயற்சி நிலைக்கவில்லை. உத்தியோகமும் ஊதியமும் ஆங்கிலத்தோடு சென்றன. பெற்றோரும் மாணவரும் அவற்றின் பின் சென்றனர். அவர் நூல்கள் மெல்ல மெல்ல அலுமாரிகளில் ஒதுங்கின. 1978ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவ பீடம் தொடங்கியபோதும் கல்வி ஆங்கிலத்திலேயே அமைந்தது. உலகெங்கும் நடக்கும் ஆராய்ச்சியோடு இணைந்திருக்க ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வைத்தியர் ஆங்கிலத்திற் கற்கலாம். நோயாளிக்கு நோவது தமிழிலேயே.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என வைத்தியத்தை நால்வகையாகப் பகுத்தார். இந்நான்கும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளாவிடின் கேடு விளையும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மயக்க மருந்து கொடுக்குமுன் நோயாளி வெறுவயிற்றோடு இருத்தல் வேண்டும் என்பது விதி. திண்ணிய உணவை 6 மணி நேரத்துக்கு முன்னும், வெறுந் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்துதல் பொதுவான அளவு. அவரவர்க்குரிய அளவை வைத்தியரே கூறுவார். விழித்திருக்கும்போது சோறும் நீரும் சுவாசப்பைக்குள் செல்லாதபடி தொண்டையிலே ஒரு காவல் உண்டு. ஆழ்ந்த மயக்கத்தில் அக்காவல் உறங்கிவிடும். வயிற்றிலுள்ளது மேலெழுந்து சுவாசப்பைக்குட் புகுந்தால் உயிருக்கே மோசம் வரலாம்.

காரணம் தமிழிலே தெளிவாகக் கூறப்படாத வீட்டில் நடப்பது யாது? பிள்ளை பசியால் அழுகின்றது. பேரப்பிள்ளையின் முகம் வாடுவதைப் பொறாத அம்மம்மா, வைத்தியசாலைக்குப் புறப்படுமுன் ஒருவருக்குந் தெரியாமல் ஒரு கோப்பை பாலும் இரண்டு பிஸ்கற்றும் கொடுத்துவிடுகின்றார். தாதி கேட்கும்போது ஒன்றும் கொடுக்கவில்லை என்கின்றார். அன்பினாற் செய்த காரியம் ஆபத்தாகின்றது. கந்தசஷ்டி விரதத்தை ஆறு நாளும் அனுட்டிக்கத் தெரிந்த அம்மூதாட்டிக்கு ஆறு மணி நேர நோன்பின் காரணம் விளங்காதா? விளங்கும். விளங்கச் சொல்வார் வேண்டும்.

அதுபோலவே உட்கொள்ளும் மருந்துகள், முன்னர் மயக்க மருந்தினால் நேர்ந்த தொல்லைகள், உடலுக்கு ஒவ்வாத மருந்துகள், ஆடும் பல், பொய்ப்பல், புகை, மது ஆகியவற்றையெல்லாம் வைத்தியர் கேட்பர். இவை வீண் விசாரணைகளல்ல. நாட்டு மருந்து உண்பதை வெட்கத்தால் மறைப்போரும், மது அருந்துவதைப் பெற்றோர்முன் மறைக்கும் இளைஞரும் தம் உயிரையே பணயம் வைக்கின்றனர். ஒப்பத்தாளிலே கையெழுத்திடுமுன் அதில் எழுதியிருப்பதைத் தமிழிற் கேட்டறிதல் ஒவ்வொருவரின் உரிமை.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

எமது இளைஞருள் வைத்தியராகவும் தாதியராகவும் மருந்தாளராகவும் வரவிருப்போர் பலர் இருப்பீர்கள். ஆங்கிலத்தை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். அத்தோடு கற்றதை எங்கள் ஊர் மூதாட்டி ஒருவருக்கு விளங்கும் தமிழிலே சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். வைத்தியத்துறை நாடாதோரும் வாளாவிருக்க வேண்டியதில்லை. உறவினர் ஒருவர் சத்திரசிகிச்சைக்குச் செல்லும்போது உடன்சென்று, வைத்தியர் சொல்வதை எழுதிக்கொண்டு, வீட்டாருக்கு விளக்கிச் சொல்லுதலும் ஒரு தொண்டே. கிறீன் காலத்து நூல்கள் எங்கள் வீடுகளிலும் வாசிகசாலைகளிலும் எங்கேனும் கிடந்தால் அவற்றைக் கறையானுக்கு விடாது காத்து வையுங்கள். அவற்றிலுள்ள சொற்களுட் சில பழமையடைந்திருக்கலாம், பல இன்றும் பயன்படலாம்.

மூத்தோரும் இதனைக் கேட்டருள்க. பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் யாழ்ப்பாணத்திலே அரியர். பட்டத்தோடு பரிவும், ஆங்கிலத்தோடு தமிழும் அப்பிள்ளையிடம் வளருமாறு செய்தல் பெற்றோர் கடன்.

பிறநாட்டிற் பிறந்த ஒருவர் எம்மொழியைக் கற்று, அதிலே எம்மவருக்கு வைத்தியங் கற்பித்து, தம் இறுதி ஆண்டுவரை அதற்காக எழுதிக்கொண்டிருந்தார். அவர் நாட்டிய தூண்கள் நிற்கின்றன. மேலே கூரை வேய்தல் எம் கடமை.